துருக்கியில் குடியேறும் பிரித்தானியர்களுக்கு: வைத்தியச் செலவும் கொடுப்பனவுகளும்

அரச ஓய்வூதியம் உங்களோடு துருக்கிக்கு வரும். பிரித்தானியாவின் அரச வைத்திய சேவையான என்எச்எஸ் வராது. இந்த இரண்டு விஷயமும் தெரியாமல் வீட்டை விற்றுவிட்டு வந்து இறங்கியவர்களை ஃபெத்தியேயிலும் டிடிமிலும் நிறையவே கண்டிருக்கிறேன். “முப்பது வருஷம் தேசியக் காப்புறுதி கட்டினேன், எனக்கென்று ஏதாவது இருக்கும்தானே” என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தேசியக் காப்புறுதி என்பது வேலை செய்யும் காலத்தில் பிரித்தானிய அரசுக்குக் கட்டும் பங்களிப்பு. ஓய்வூதியத்துக்கு அந்தக் கணக்கு சரி. வைத்தியத்துக்குச் சரிவராது.

நானும் மனைவியும் லண்டனை விட்டு இங்கே வரும்போது எனக்கு 61 வயது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தேன். துருக்கியில் வைத்தியத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டையும்தான்: உங்கள் வயது என்ன, ஏற்கெனவே என்ன வருத்தம் இருக்கிறது. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு. இதை வந்த பிறகே தெரிந்துகொண்டேன். நீங்கள் வருவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான், நாங்கள் போன வழியிலேயே ஒவ்வொரு கட்டமாக எழுதுகிறேன்.

முதலில்: எதை விட்டுவிட்டு வருகிறோம்

என்எச்எஸ் சேவை கடவுச்சீட்டைப் பார்த்துக் கிடைப்பதில்லை. கட்டிய தேசியக் காப்புறுதியைப் பார்த்தும் இல்லை. பிரித்தானியாவில் வழமையாக வசிக்கிறீர்களா என்பதைப் பார்த்தே கிடைக்கிறது. நிரந்தரமாக வெளியேறிவிட்டால் அந்த உரிமையும் போய்விடும். கோடையில் பிள்ளைகளைப் பார்க்க லண்டன் போகும்போது அப்படியே இடுப்புச் சத்திரசிகிச்சையையும் முடித்துக்கொண்டு வரலாம் என்று நினைத்து இங்கே வந்தவர்கள் உண்டு. அது நடக்காது. விபத்து மற்றும் அவசரப் பிரிவில் பார்ப்பார்கள், காசு இல்லை. குடும்ப டொக்டரான ஜிபியிடம் காட்டுவதற்கும் காசு இல்லை. ஆனால் வார்டில் அனுமதித்துவிட்டால், விதிவிலக்கு எதுவும் உங்களுக்குப் பொருந்தாதபோது, இங்கிலாந்தில் வழமையான கட்டணத்தின் 150 சதவீதத்தைக் கணக்கிட்டுப் பில் போடுவார்கள்.

ஐரோப்பியப் பயணங்களில் வைத்தியத்துக்குக் காட்டும் ஜிஎச்ஐசி அட்டை துருக்கியில் செல்லாது. ஸ்பெயினுக்குப் போகும் பிரித்தானிய ஓய்வூதியர் எஸ்1 என்ற படிவத்தோடு போய், அந்த நாட்டு வைத்திய முறைக்குள் சேர்ந்துகொள்கிறார். செலவைப் பிரித்தானியா ஏற்கிறது. அப்படி ஒரு ஏற்பாடு துருக்கியோடு இல்லை. ஸ்பெயினில் இருக்கும் நண்பர் சொன்னதைக் கேட்டுத் துருக்கிக்குத் திட்டம் போடாதீர்கள்.

கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. ஜிபியிடம் உங்கள் வைத்தியக் குறிப்புகளின் சுருக்கத்தை எழுத்தில் வாங்குங்கள். மருந்துகளின் வணிகப் பெயர் மட்டும் போதாது, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும் அளவும் அதில் இருக்க வேண்டும். துருக்கியில் அதே மருந்து வேறு பெயரில்தான் கிடைக்கும். தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான டயசிபாம் போன்றவை, வலுவான வலி நிவாரணிகள் எடுப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இங்கே அவற்றுக்குத் தனி நிறச் சீட்டுகள் உண்டு: பச்சைச் சீட்டு, சிவப்புச் சீட்டு. சாதாரண மருந்துச் சீட்டில் அவற்றைத் தரமாட்டார்கள். டொக்டரின் கடிதம் கையில் இருந்தால் சுங்கத்திலும் உதவும், இங்கே முதல் டொக்டரிடம் போகும்போதும் உதவும்.

நாட்டை விட்டுப் போவதை அறிவிக்கும் பி85 படிவத்தைப் பிரித்தானிய வரித் திணைக்களத்துக்கு அனுப்புங்கள். ஏதாவது கொடுப்பனவு வாங்குகிறீர்கள் என்றால் அதைத் தரும் திணைக்களத்துக்கும் கிளம்பும் திகதியை அறிவியுங்கள். இதை ஒத்திப்போட வேண்டாம். ஏன் என்று அடுத்ததில் சொல்கிறேன்.

எந்தக் கொடுப்பனவு நிற்கும்

பெரும்பாலானவை நின்றுவிடும். யூனிவர்சல் கிரெடிட், பென்ஷன் கிரெடிட், ஹவுசிங் பெனிஃபிட், இவை எல்லாம் வருமானம் குறைந்தவர்களுக்கு அந்த நாட்டுக்குள் இருக்கும்போது கொடுப்பவை. திரும்பி வருகிற நோக்கத்தோடு தற்காலிகமாக வெளியே போனால் யூனிவர்சல் கிரெடிட்டுக்கு ஒரு மாதம், பென்ஷன் கிரெடிட்டுக்கும் ஹவுசிங் பெனிஃபிட்டுக்கும் பொதுவாக நான்கு வாரம். அவ்வளவுதான். குளிர்கால எரிபொருள் கொடுப்பனவு துருக்கியில் கிடைக்காது.

உடல் இயலாமைக்கான கொடுப்பனவுகளான அட்டெண்டன்ஸ் அலவன்ஸ், பிஐபி வாங்குபவர்களைத்தான் இது கடுமையாகத் தாக்கும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குப் போனால் சில நிபந்தனைகளோடு அவற்றைத் தொடர்ந்து வாங்க வழி உண்டு. துருக்கிக்கு அந்த வழி இல்லை. தற்காலிகமாகப் போனால் 13 வாரம், வைத்தியத்துக்காகவே போனால் 26 வாரம் வரை. அதற்குப் பிறகு நின்றுவிடும். நடக்க முடியாத ஒருவரைப் பார்த்துக்கொள்ள அந்தப் பணத்தைத்தான் நம்பியிருக்கிறீர்கள் என்றால், குடிபெயர்வதற்கு முன் குடும்பத்தோடு உட்கார்ந்து கணக்கை முதலில் இருந்து போட்டுப் பாருங்கள். இங்கே வாடகையும் மரக்கறியும் மலிவு என்பது உண்மை. ஆனால் ஒரு பராமரிப்பாளரின் சம்பளத்தை அந்த மலிவு ஈடுசெய்யாது.

அறிவிக்காமல் வாங்கிக்கொண்டே இருந்தால் பிறகு திருப்பிக் கேட்பார்கள், தண்டமும் சேரும். விமானப் பயணப் பதிவுகளை வைத்துக் கண்டுபிடிப்பது அவர்களுக்குப் பெரிய வேலையே இல்லை.

கணவனையோ மனைவியையோ இழந்தவர்களுக்கான கொடுப்பனவு போல, கட்டிய தேசியக் காப்புறுதியை அடிப்படையாக வைத்தவை வேறு வகை. அவற்றைப் பற்றிப் பிரித்தானிய அரசின் சர்வதேச ஓய்வூதிய மையத்திடம் எழுதிக் கேளுங்கள். கிடைக்காது என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள்.

ஓய்வூதியம்: துருக்கியின் பெரிய ஆறுதல்

பிரித்தானியாவும் துருக்கியும் 1959இல் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்றைச் செய்தன. அதன் பலன் இன்றைக்கும் நமக்குக் கிடைக்கிறது: துருக்கியில் வசிக்கும் பிரித்தானிய ஓய்வூதியருக்கு ஒவ்வொரு ஏப்ரலிலும் உயர்வு கிடைக்கும். 2025 ஏப்ரலில் 4.1 சதவீதம் கூடியது, முழுமையான புதிய அரச ஓய்வூதியம் வாரத்துக்கு 230.25 பவுண்ஸ் ஆனது. மான்செஸ்டரில் இருப்பவருக்கு எவ்வளவோ, மர்மாரிஸில் இருப்பவருக்கும் அவ்வளவே.

நம்மவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். லண்டனில் உழைத்து ஓய்ந்து யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ போய்விடுவோம் என்று நினைக்கும் பிரித்தானியத் தமிழர்கள் எத்தனையோ பேர். இலங்கைக்கோ இந்தியாவுக்கோ போனால் ஓய்வூதியம் வரும், ஆனால் உயராது. போகும்போது இருந்த தொகையிலேயே உறைந்துவிடும். கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்துக்கும் அதே கதை. ஐந்து வருடம் துருக்கியில் இருந்துவிட்டுப் பிறகு ஊருக்குப் போவோம் என்று திட்டமிட்டால், துருக்கியை விட்டுக் கிளம்பும் அன்றைய தொகையில்தான் உறையும். இருபது வருடம் உயிரோடு இருக்கும் ஒருவருக்கு அந்த இழப்பு சிறியதல்ல.

2016 ஏப்ரல் 6க்குப் பிறகு ஓய்வூதிய வயதை அடைந்தவர்களுக்கு முழுத் தொகை கிடைக்கப் பொதுவாக 35 வருடத் தேசியக் காப்புறுதிப் பதிவு வேண்டும். பத்து வருடமாவது இல்லாவிட்டால் பொதுவாக ஒன்றுமே கிடைக்காது. ஆனால் துருக்கியோடு ஒப்பந்தம் இருப்பதால், இங்கே வேலை செய்து கட்டிய வருடங்கள் அந்தப் பத்தை எட்ட உதவக்கூடும். பதிவில் இடைவெளி இருந்தால் தன்னார்வப் பங்களிப்பு கட்டி நிரப்பலாம். அதில் வகுப்பு 3 என்ற வகைக்கு 2025-26இல் வாரத்துக்கு 17.75 பவுண்ஸ். கட்டுவதற்கு முன் அரச இணையத்தளத்தில் உங்கள் ஓய்வூதிய முன்கணிப்பை எடுத்துப் பாருங்கள். எந்த வருடத்தை நிரப்பினால் தொகை கூடும், எதை நிரப்பியும் பயனில்லை என்பதை அது காட்டும். ஓய்வூதிய வயது 66இல் இருந்து 67க்கு 2026 ஏப்ரல் தொடக்கம் 2028 வரை படிப்படியாக ஏறுகிறது. 1960 ஏப்ரல் 6இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் உங்கள் திகதியைச் சரிபார்க்க வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் சர்வதேச ஓய்வூதிய மையத்தின் ஊடாக விண்ணப்பிக்க வேண்டும். வயதை அடைய நான்கு மாதம் இருக்கும்போதே தொடங்கலாம். நான்கு வாரத்துக்கு ஒரு தடவையோ 13 வாரத்துக்கு ஒரு தடவையோ பிரித்தானிய வங்கிக்கு அல்லது துருக்கி வங்கிக்குப் பணம் வரும். என் ஆலோசனை, பிரித்தானியக் கணக்கை மூடாமல் பவுண்ஸிலேயே வாங்குங்கள். தேவைக்குத் தேவை லீராவாக மாற்றிக்கொள்ளலாம். இங்கே 2022 ஒக்டோபரில் பணவீக்கம் 85 சதவீதத்தைத் தாண்டியது. லீராவில் சேமித்தவர்களின் நிலையை நேரிலேயே பார்த்தோம்.

இடைக்கிடை “உயிரோடு இருக்கிறேன்” என்று உறுதிப்படுத்தும் படிவம் தபாலில் வரும். சாட்சி ஒருவரின் கையொப்பத்தோடு திருப்பி அனுப்ப வேண்டும். துருக்கித் தபாலை நம்பி மேசையில் போட்டுவைக்காதீர்கள். அது போய்ச் சேராவிட்டால் பணம் நிற்கும். இன்னொன்று, வெளிநாட்டுச் சமூகப் பாதுகாப்பு நிறுவனங்கள் கொடுக்கும் ஓய்வூதியத்துக்குத் துருக்கி வருமான வரி அறவிடுவதில்லை.

வதிவிட அனுமதியும் முதல் வருடத்துக் காப்புறுதியும்

2020 மார்ச் 2இல் இருந்து பிரித்தானியக் கடவுச்சீட்டோடு வீசா இல்லாமல் வரலாம். எந்த 180 நாளிலும் 90 நாள் வரை இருக்கலாம். அதற்கு மேல் இருக்க வேண்டுமானால் அந்த 90 நாளுக்குள் குறுகிய கால வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். இணையத்தில் எ-இக்காமெத் என்ற தளத்தில் விண்ணப்பித்துவிட்டு, திகதி கொடுத்தால் குடிவரவு அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். வீடு எடுப்பதற்கு முன் அந்த மஹல்லெ, அதாவது அந்தப் பேட்டை, வெளிநாட்டவரின் புதிய பதிவுக்குத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டவர் கூடிய பேட்டைகள் பல மூடப்பட்டிருக்கின்றன. சொந்த வீட்டைக் காட்டி அனுமதி எடுக்க 2023 ஒக்டோபரில் இருந்து அதன் மதிப்பு 2 இலட்சம் டொலராவது இருக்க வேண்டும்.

இந்த விண்ணப்பத்துக்குத் தனியார் வைத்தியக் காப்புறுதி கட்டாயம். அனுமதி எவ்வளவு காலத்துக்கோ அவ்வளவு காலத்துக்கும் இருக்க வேண்டும். நான் பிழை விட்ட இடமும் இதுதான்.

குடிவரவு அலுவலகத்துக்குப் போகும் தெருவிலேயே “இக்காமெத் காப்புறுதி” என்று எழுதிய கடைகள் இருக்கும். உள்ளே போனால் பத்து நிமிடத்தில் பத்திரம் கையில். மலிவாகவும் இருந்தது, அதிகாரியும் ஏற்றுக்கொண்டார். இரண்டாம் மாதம் இரவில் மனைவிக்கு நெஞ்சு வலி என்று தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நல்ல காலம், இதயம் இல்லை, பித்தப்பைக் கல். ஸ்கான், இரத்தப் பரிசோதனை, ஓர் இரவுத் தங்கல். காலையில் கணக்குப் பகுதியில் பெண் ஒருத்தி எங்கள் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பேனாவின் முனையை ஒரு வரியில் வைத்துக் காட்டினாள். வெளிநோயாளர் செலவுக்கு ஓர் எல்லை, அதிலும் ஒரு பங்கு நாங்கள் கட்ட வேண்டும், கல் போன்றவற்றுக்குக் காத்திருப்புக் காலம். காப்புறுதி கொடுத்தது பில்லின் ஒரு மூலைக்குத்தான் காணும். மிச்சத்தைச் சேமிப்பில் இருந்து கட்டினோம்.

இப்படியான பத்திரங்கள் அனுமதி எடுப்பதற்கென்றே செய்யப்பட்டவை. வயது குறைந்த, வருத்தம் இல்லாத ஒருவர் ஒரு வருடத்தை ஓட்ட அது போதலாம். ஐம்பதைத் தாண்டியவர்கள் உண்மையான தனியார் வைத்தியக் காப்புறுதி ஒன்றை எடுங்கள். எடுக்கும்போது நான்கு கேள்வி கேளுங்கள்: வார்டில் தங்கினால் எல்லை எவ்வளவு, வெளிநோயாளருக்கு எவ்வளவு, எந்த ஆஸ்பத்திரிகளோடு ஒப்பந்தம், எதற்கெல்லாம் காத்திருப்புக் காலம். ஏற்கெனவே உள்ள வருத்தத்தை மறைக்காதீர்கள். பெரிய பில் வரும்போது அதையே காரணமாகக் காட்டி மறுப்பார்கள். சுற்றுலாக் காப்புறுதி போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது போய்த் திரும்பும் பயணத்துக்கானது.

65 வயதைத் தாண்டியவர்களுக்கு வதிவிட அனுமதிக்குக் காப்புறுதி கட்டாயம் இல்லை. கேட்பதற்குச் சலுகை போலத் தெரியும், உண்மையில் அதுதான் பொறி. அந்த வயதில் புதிதாகச் சேர்க்க முன்வரும் கம்பனிகள் குறைவு. அனுமதி கிடைத்துவிட்டது என்ற நிம்மதியில் காப்பே இல்லாமல் முதல் வருடத்தைக் கழிப்பவர்கள், அந்த வருடத்தில் விழுந்து இடுப்பெலும்பை முறித்தால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். உங்கள் வயது 63, 64 என்றால், 65க்கு முன்பே தனியார் காப்புறுதிக்குள் நுழைந்து அதை அறுபடாமல் புதுப்பித்துக்கொண்டு போங்கள். அறுந்துவிட்டால் திரும்ப நுழைவது கஷ்டம்.

அனுமதி அட்டை கிடைத்ததும் 20 வேலை நாளுக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அட்டையில் 99 என்று தொடங்கும் பதினொரு இலக்க எண் இருக்கும். அதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஆஸ்பத்திரி, மருந்துக்கடை, வங்கி, மின்சாரம் எல்லாவற்றுக்கும் அந்த எண்தான்.

ஒரு வருடம் முடிந்ததும்: எஸ்ஜிகே

துருக்கியின் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான எஸ்ஜிகேயை இங்கே எல்லோரும் “செகெகே” என்பார்கள். 2006இல் தொடங்கியது. அதன் பொது வைத்தியக் காப்புறுதிக்குள், இங்கே ஒரு வருடம் தொடர்ச்சியாக வதிந்த வெளிநாட்டவர், வேறு நாட்டின் காப்பில் இல்லாவிட்டால், விண்ணப்பித்துச் சேரலாம். வேலை அனுமதியோடு வந்தவர்களுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. முதலாளியே பதிவு செய்து கட்டுவார். துருக்கியரைத் திருமணம் செய்தவர்கள் அவருடைய காப்பின் கீழ் தங்கியிருப்பவராகச் சேரலாம்.

மாதச் சந்தா, மொத்தக் குறைந்தபட்சச் சம்பளத்தின் 24 சதவீதம். 2024இல் அந்தச் சம்பளம் 20,002.50 லீரா, சந்தா 4,800.60. 2025இல் சம்பளம் 26,005.50 லீராவாக ஏற, சந்தா 6,241.32 ஆனது. லீராவின் விலை விழுந்துகொண்டே போனதால் அந்த வருடத்தில் பவுண்ஸ் கணக்கில் ஏறத்தாழ 140இல் தொடங்கி 110 வரை இறங்கியது. குறைந்தபட்சச் சம்பளம் பெரும்பாலும் ஜனவரியில் மாறும், அதோடு சந்தாவும் மாறும். டிசம்பரிலேயே வங்கியில் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுவையுங்கள். இந்த ஒரு சந்தாவில் கணவன் மனைவி இருவரும், 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளும் அடங்குவார்கள். இரண்டு பேருக்குத் தனித்தனியாகத் தனியார் காப்புறுதி எடுப்பதோடு ஒப்பிட்டால் இது நல்ல விலை. மனைவிக்கும் எனக்கும் இதுதான் நிம்மதி தந்தது.

ஆனால் இங்கேயும் ஒரு நிபந்தனை இருக்கிறது, அதைச் சத்தமாகச் சொல்ல ஆளில்லை. 5510ஆம் இலக்கச் சட்டத்தின் 64ஆவது பிரிவின்படி, வெளிநாட்டவர் இந்தக் காப்புக்குள் வருவதற்கு முன்பே இருந்த நாட்பட்ட நோய்களுக்கான செலவை எஸ்ஜிகே ஏற்காது. என் இரத்த அழுத்தம் அப்படித்தான் வெளியே நின்றது. மாத்திரையை என் காசில் வாங்குகிறேன். அது தாங்கக்கூடிய செலவு. ஆனால் டயாலிசிஸ் செய்பவர், புற்றுநோய் வைத்தியம் நடந்துகொண்டிருப்பவர், எஸ்ஜிகே பார்த்துக்கொள்ளும் என்று நம்பி வரக்கூடாது. அப்படிப்பட்ட ஒருவர் என்னிடம் கேட்டால், பிரித்தானியாவில் வைத்தியத்தை முடித்துவிட்டு வாருங்கள், முடியாவிட்டால் வராதீர்கள் என்றே சொல்வேன்.

விண்ணப்பிக்க வதிவிட அட்டை, கடவுச்சீட்டு, அவற்றின் நோட்டரி மொழிபெயர்ப்பு, திருமணச் சான்றின் மொழிபெயர்ப்பு ஆகியவற்றோடு உங்கள் மாவட்ட எஸ்ஜிகே அலுவலகத்துக்குப் போங்கள். பிரித்தானிய வைத்தியக் காப்பில் நீங்கள் இல்லை என்பதற்கு ஆதாரம் கேட்டால், அந்த நாட்டுத் திணைக்களத்திடம் கடிதம் வாங்க வேண்டியிருக்கும். அதற்குச் சில வாரம் எடுக்கும், முன்கூட்டியே தொடங்குங்கள். துருக்கி மொழி தெரிந்த ஒருவரை அழைத்துப் போவது நல்லது. கேள்வி இருந்தால் 170 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

சேர்ந்த நாளிலேயே பாவிக்க முடியாது. 30 நாளுக்கான சந்தா பதிவாக வேண்டும். பிறகு ஒரு மாதமும் தவறக்கூடாது. பாக்கி இருந்தால் ஆஸ்பத்திரிப் பதிவு மேசையில் எண்ணைத் தட்டியதும் “ப்ரொவிஸ்யோன் இல்லை” என்பார்கள். காப்புறுதி அனுமதி வரவில்லை என்று அர்த்தம். அந்த நேரத்தில் வாதாடிப் பயனில்லை, காசு கட்டித்தான் உள்ளே போக வேண்டும். வங்கியில் தானாகக் கழியும்படி ஏற்பாடு செய்துவிடுங்கள். துருக்கியை விட்டு நிரந்தரமாகக் கிளம்பும்போது எழுத்தில் கொடுத்து இதை மூடிவிட்டுப் போங்கள்.

ஆஸ்பத்திரி, மருந்துக்கடை, சின்னச் சின்ன வழிகள்

எஸ்ஜிகே இருந்தால் முதலில் உங்கள் பேட்டைக் குடும்ப வைத்தியரிடம் போங்கள். “அய்லெ ஹெக்கிமி” என்று பெயர். இரத்தப் பரிசோதனை, தடுப்பூசி, வழமையான மருந்துச் சீட்டு எல்லாம் அங்கேயே நடக்கும். அரச ஆஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்க 182க்கு அழைத்தோ செயலியிலோ நேரம் எடுக்க வேண்டும். தபாலகத்துக்கு வதிவிட அட்டையோடு போய் எ-தெவ்லெத் என்ற அரச இணையத்தளத்தின் கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டால், எ-நபஸ் என்ற செயலியில் உங்கள் பரிசோதனை முடிவுகள், ஸ்கான் படங்கள், மருந்துச் சீட்டுகள் எல்லாம் கைப்பேசியிலேயே தெரியும். இந்த விஷயத்தில் துருக்கி முன்னேறித்தான் இருக்கிறது. காலையில் எடுத்த இரத்தத்தின் முடிவை மாலையில் தேநீர் குடித்துக்கொண்டே பார்த்திருக்கிறேன்.

மருந்துக்கடையில் காகிதம் எதுவும் வேண்டாம். சீட்டின் எண்ணையும் உங்கள் அடையாள எண்ணையும் சொன்னால் போதும். எஸ்ஜிகே ஏற்கும் மருந்துக்கு வழமையாக 20 சதவீதம் உங்கள் பங்கு. மருந்துக்காரர் ஒவ்வொரு பெட்டியின் மேலும் பேனாவால் “3x1 டொக்” என்று எழுதித் தருவார். ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஒவ்வொன்று, சாப்பிட்ட வயிற்றில். “ஆச்” என்று எழுதினால் வெறும் வயிற்றில். மொழி தெரியாத முதல் மாதங்களில் அந்த இரண்டு சொல்தான் எங்களைக் காப்பாற்றியது. அன்டிபயோடிக் சீட்டு இல்லாமல் கிடைக்காது. இரவில் எல்லாக் கடையும் பூட்டியிருந்தாலும், முறை வைத்துத் திறந்திருக்கும் கடை ஒன்று எந்தப் பேட்டைக்கும் உண்டு. எது என்று பூட்டிய கடையின் கண்ணாடியில் எழுதி ஒட்டியிருப்பார்கள்.

எஸ்ஜிகேயோடு ஒப்பந்தம் உள்ள தனியார் ஆஸ்பத்திரிக்கும் போகலாம். ஆனால் அரசு நிர்ணயித்த விலைக்கு மேல் 200 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம் அறவிட அவர்களுக்கு உரிமை உண்டு. அந்த இடைவெளியை மட்டும் நிரப்புவதற்கென்றே “தமாம்லாயிஜி” என்ற துணைக் காப்புறுதி இருக்கிறது. முழுத் தனியார் காப்புறுதியை விட நன்றாகவே மலிவு. வயது இடம் கொடுத்தால் எஸ்ஜிகே கிடைத்ததும் அதையும் எடுத்துவிடுங்கள். நாங்கள் இப்போது வைத்திருப்பது இந்த இரண்டையும்தான்.

வார்டில் படுத்தால் இன்னொரு விஷயம். கூட ஓர் ஆள் நிற்க வேண்டும் என்று இங்கே எதிர்பார்ப்பார்கள். “ரெஃபாகத்சி” என்று அவருக்குப் பெயரே உண்டு, படுப்பதற்குச் சாய்கதிரையும் உண்டு. தண்ணீர் எடுத்துக் கொடுப்பது, கழிப்பறைக்குக் கூட்டிப்போவது, தாதியைக் கூப்பிடுவது எல்லாம் அவர் வேலை. யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் துணைக்கு நின்ற நமக்கு இது புதிதில்லை. தனியாக வந்து குடியேறிய ஆங்கிலேயர்களுக்குத்தான் திகைப்பு. தனியாக இருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் முன்பே பேசி, யாருக்கு யார் நிற்பது என்று முடிவு செய்துவைக்க வேண்டும்.

அவசரம் என்றால்

112. அம்புலன்ஸ், பொலிஸ், தீயணைப்பு எல்லாவற்றுக்கும் ஒரே எண். வீட்டு முகவரியைத் துருக்கி மொழியில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள். பதற்றத்தில் தெருப் பெயர் வாயில் வராது. எஸ்ஜிகே காப்பு உள்ளவரிடம் அவசர சிகிச்சைக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும், ஒப்பந்தம் உள்ள தனியார் ஆஸ்பத்திரி மேலதிகக் கட்டணம் வாங்கக்கூடாது; இது விதி. கேட்டால் 170க்கு அழைத்துச் சொல்லலாம். காப்பே இல்லாதவரையும் அவசரத்தில் பார்ப்பார்கள், ஆனால் பில் பிறகு வரும். பிரித்தானியத் தூதரகமோ கொன்சியுலேட்டோ அந்தப் பில்லைக் கட்டாது. குடும்பத்தோடு தொடர்பு ஏற்படுத்தித் தருவது போன்ற உதவிகளையே செய்யும்.

திரும்பிப் போக வேண்டி வந்தால்

வயது போகப் போகப் பலர் திரும்புகிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பிரித்தானியாவில் மீண்டும் நிரந்தரமாக வசிக்கப் போகிறேன் என்று திரும்புகிற பிரசைக்கு, அந்த நாளில் இருந்தே என்எச்எஸ் கிடைக்கும். வீட்டு ஒப்பந்தம், துருக்கி வீட்டை விட்டதற்கான கடிதம், ஒருவழி விமானச் சீட்டு என்று ஆதாரங்களைக் கையில் வைத்திருங்கள், ஆஸ்பத்திரியில் கேட்பார்கள். பென்ஷன் கிரெடிட், யூனிவர்சல் கிரெடிட் போன்றவற்றுக்கு வழமையான வதிவிடச் சோதனை என்று ஒன்று உண்டு, அதற்குச் சில வாரங்கள், சிலருக்கு மாதங்கள் எடுக்கும். அந்த இடைக்காலத்துக்கான வாடகையும் சாப்பாட்டுச் செலவும் பவுண்ஸில் தனியாக இருக்க வேண்டும். நாங்கள் மூன்று மாதச் செலவை லண்டன் கணக்கில் தொடாமல் வைத்திருக்கிறோம். அதோடு, எ-நபஸில் இருக்கும் வைத்தியப் பதிவுகளை வருடத்துக்கு ஒரு தடவை இறக்கி, மகளின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுகிறேன்.